பீரங்கிக்குக் கூடம், மண்கோட்டைக்கு ஏர்!

சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்கு வழி கேட்கத் தேவையில்லை. ஆனி பிறக்கும், மலைமுகட்டில் கருமேகம் கவியும், தென்காசிப் பேருந்து நிலையத்தில் துண்டும் எண்ணெய்க் குப்பியுமாகக் கூட்டம் குவியும். பேரருவியின் கீழே தலை காட்ட ஆயிரம் பேர் வரிசையில் நிற்பர். நீராடுவோர்மீது நமக்குச் சினமில்லை. அருவி நீர் பாவத்தைப் போக்கும் என்று சொல்பவரிடந்தான் நமக்கு வழக்கு. அழுக்கைப் போக்கும் என்பதில் வழக்கு ஏது?

அதே தென்காசியிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே திரும்பிக் கடையநல்லூரைக் கடந்து, புளியங்குடியைக் கடந்து சென்றால் வாசுதேவநல்லூர் வரும். அதற்கப்பால் வயல்களுக்கிடையே நெற்கட்டும்செவல். பூலித்தேவன் ஆண்ட பாளையம்! கும்பினிப் படை 1755ஆம் ஆண்டில் கப்பம் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பிய மண்! அங்கே இறங்கி, "ஐயா, கோட்டை எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். நினைவுமண்டபத்தைக் காட்டுவார்கள். சிலையைக் காட்டுவார்கள். கதை சொல்வார்கள். கோட்டை? அதைக் காட்ட இயலாது. அதைக் காட்ட இயலாமல் செய்தவர்களின் கோட்டையைக் காண விரும்பினாலோ வழி எளிது. பொதிகை விரைவு வண்டியில் ஏறிச் சென்னைக்குப் போனால் போதும்.

தென்காசிப் பகுதியைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னோடு புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்தார். கோட்டையைப் பற்றி நாம் அறியாததில்லை. 1639இல் நிலம் பெற்று, 1640இல் குடியேறி, கடற்கரை மணலில் கும்பினி வணிகர் கட்டத் தொடங்கியது அது. இன்று தமிழ்நாட்டின் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் அதற்குள்ளேதான். அதன் கொடிமரத்தில் ஆகஸ்டு 15ஆம் நாள் கொடியேற்றும் உரிமை ஆளுநரிடமிருந்து மாறி, மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சரிடம் வந்தது 1974ஆம் ஆண்டில். அந்த உரிமையைக் கேட்டுப் பெற்றவர் கலைஞர். கொடிமரம் நம்மிடம் வந்தது. ஆனால் கொடிமரத்துக்கு அருகிலுள்ள அருங்காட்சிச் சாலை யார் சொல்லும் கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கட்டடம் 1795இல் எழும்பியது. வணிகர்கள் கூடி விலை பேசிய மாளிகை. பின்னர்ப் படை அதிகாரிகளின் உணவு விடுதியாயிற்று. வெள்ளையர் வெளியேறிய சில மாதங்களில், 1948 சனவரித் திங்களில், அருங்காட்சிச் சாலையாகத் திறக்கப்பட்டது. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. துப்பாக்கி, வாள், பீரங்கி, குண்டு, சீருடை, பதக்கம், கும்பினியின் பீங்கான் தட்டு, ஆளுநர்களின் ஓவியம், அரசரின் ஓவியம், அரசியின் ஓவியம். வைத்த பொருளை நன்றாகவே வைத்திருக்கிறார்கள். குறை தூசியில் இல்லை.

நுழைந்தவுடன் கண்ணைக் கவருபவர் காரன்வாலிஸ் பிரபு. தாமஸ் பேங்க்ஸ் என்ற ஆங்கிலச் சிற்பி செதுக்கிய பளிங்குச் சிலை; 1800இல் சென்னைக்கு வந்தது. ஆளுயரத்தையும் மிஞ்சிய உருவம். அடியிலே பீடம், பீடத்திலே புடைப்புச் சிற்பம். அதிலே என்ன? 1792இல் திப்பு சுல்தான் தோற்றபோது பணயமாகக் கொடுத்த இரண்டு பிள்ளைகளை அந்தப் பிரபு கைநீட்டி ஏற்றுக்கொள்கிறார்! பத்து வயதும் எட்டு வயதுமான பாலகர்கள். தந்தையிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிய செயல், தாயன்போடு ஏற்றுக்கொண்ட காட்சியாகப் பளிங்கிலே மாறிவிட்டது. சிற்பியின் உளி திறமையானது என்பதை மறுக்க மாட்டேன். அந்தத் திறமையைத்தான் நான் அஞ்சுகிறேன். கொடுமையைக் கொடுமையாகச் செதுக்கியிருந்தால் பார்ப்பவன் பல்லைக் கடிப்பான், கருணையாகச் செதுக்கியதால் அண்ணாந்து பார்த்து, "என்ன அழகு!" என்கிறான்.

இதே காரன்வாலிஸ்தான் 1781இல் யார்க்டவுனில் அமெரிக்க விடுதலைப் படையிடம் சரணடைந்தவர். வாளைத் தம் கையால் கொடுக்கவும் மனமின்றி, உடல் நலமில்லை என்று சொல்லித் துணைத்தளபதியை அனுப்பியவர். பீடத்துக்கு நான்கு பக்கம் உண்டு. அந்தக் காட்சிக்கு ஒரு பக்கத்தில்கூட இடம் கிடைக்கவில்லை! வாஷிங்டனிடம் தோற்றவர் திப்புவிடம் வென்றார். தோற்ற ஊரில் அவருக்குச் சிலையில்லை, வென்ற ஊரில் இருக்கிறது. அதில் வியப்பில்லை. வென்றவன் போய் முக்கால் நூற்றாண்டு கடந்த பிறகும், அந்தச் சிலைக்கு நாம் எழுதி வைக்கும் விளக்கத்தில் யார்க்டவுனுக்கு ஒரு வரி வேண்டாவா என்பதே என் கேள்வி.

இன்னும் ஒரு பொருள். கூட்டம் அதன் முன்னேதான் நின்று பார்க்கிறது. ஒரு மரக்கூண்டு. மனிதன் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது; காலை நீட்ட முடியாது. சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஆன்ஸ்ட்ருதர் என்ற தளபதியை 1840இல் சீனர்கள் பிடித்து, இப்படிப்பட்ட கூண்டில் அடைத்து நிங்போ நகருக்குத் தூக்கிச் சென்றார்கள். சில மாதம் சிறையிருந்து அவர் மீண்டார். கூண்டும் சென்னைக்கு வந்து சேர்ந்தது.

உடன் வந்த மாணவர் கூண்டை வெகுநேரம் பார்த்தார். "பாவம் அண்ணாச்சி, மனுசனை இதுலயா அடைச்சாங்க?" என்றார். இரக்கம் நல்ல குணம். அதை நான் தடுக்கவில்லை. "தம்பி, அவர் சீனத்துக்கு எதற்காகப் போனார் என்று எழுதியிருக்கிறதா, பார்" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது தலையை ஆட்டினார்.

எதற்காகப் போனார்? அபின் விற்க! நம் நாட்டு உழவனைக்கொண்டு கும்பினி கசகசாச் செடி பயிரிட்டது. அதன் பாலைக் காய்ச்சி அபினாக்கிச் சீனத்துக்கு அனுப்பியது. சீன அரசு, "எங்கள் மக்கள் சீரழிகிறார்கள், வேண்டாம்" என்றது, 1839இல் பெட்டி பெட்டியாகப் பறித்து அழித்தது. அதற்குத் தண்டனையாகப் பீரங்கிக் கப்பல்கள் போயின. 1842இல் நான்கிங் உடன்படிக்கை. ஆங்காங் தீவு பறிபோயிற்று. இரண்டு கோடியே பத்து இலட்சம் வெள்ளி தண்டமாக விழுந்தது. கூண்டில் கிடந்த ஒருவர் பட்ட துன்பம் கண்ணாடிக்கு அருகே நிற்கிறது. அபினில் கிடந்த இலட்சக்கணக்கானவர் பட்ட துன்பத்துக்குக் கூண்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

சரி, அது சீனன் கவலை என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. அந்தப் போருக்குப் போனவர்கள் யார்? வெள்ளையர் மட்டுமா? சென்னைப் படையின் 37ஆம் பிரிவும் போயிற்று; நம் சிப்பாய்கள்! 1841 மே மாதம் 30ஆம் நாள், காண்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி என்ற சிற்றூர்ப் புறத்தில், மண்வெட்டியும் ஈட்டியும் ஏந்திய சீன உழவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு அவர்களைச் சூழ்ந்தனர். மழை கொட்டியது. சக்கிமுக்கிக் கல் பொருத்திய துப்பாக்கிகள் நனைந்து வெடிக்கவில்லை. இரவெல்லாம் சேற்றில் சதுரமாக நின்று தடுமாறிய அந்த நம்மவரை வேறு வகைத் துப்பாக்கி வைத்திருந்த வெள்ளைக் கடற்படையினர் வந்து மீட்டனர். இன்று அந்தச் சான்யுவான்லியில் சீனர்கள் ஒரு நினைவுக்கூடம் வைத்திருக்கிறார்கள். தங்கள் உழவர்கள் திரண்டெழுந்த கதையைச் சொல்வதற்கு. அவர்கள் கதையில் நாம் யார்? எதிரியின் கூலிப்படை! கசப்பாக இருக்கிறதல்லவா? இருக்கட்டும். கசப்பைச் சொல்லாத காட்சிச் சாலை மிட்டாய்க்கடை.

இந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் யார்? நிலமில்லாதவர், ஊர்த்தெருவில் செருப்போடு நடக்கத் தடை விதிக்கப்பட்டவர், சேரியென்று ஒதுக்கப்பட்டவர், ஏழை முசுலிம், வறண்ட காட்டில் விளைச்சல் பொய்த்தவர். தெருவில் நடக்க விடாத சொந்த ஊரைவிடச் சீருடை கொடுத்த அந்நியன் அவனுக்கு மேலாகத் தோன்றியிருந்தால் குற்றம் அவனுடையது மட்டுந்தானா? இந்தக் கேள்வியைக் கோட்டைக் காட்சிச் சாலை கேட்காது. பதக்கத்தை மட்டும் காட்டும். பதக்கம் மின்னுகிறது, அணிந்தவன் பெயர் மின்னவில்லை.

சென்னையிலிருந்து நெற்கட்டும்செவலுக்குத் திரும்புவோம்.

ஏன் அங்கே கோட்டை இல்லை? மழை கரைத்ததா? காலம் தின்றதா? கோவில் கோபுரத்துக்குக் கல் வைத்தவன் கோட்டைக்கு மண் வைத்தான். மண் கரையும் என்று சிலர் சொல்வர். தென்காசி விசுவநாதர் கோபுரம்கூட எரிந்தும் இடிந்தும் நெடுங்காலம் பாழாய்க் கிடந்து, 1990இல்தான் மீண்டும் எழுந்தது. கல்லும் அழியும், மண்ணும் அழியும். ஆனால் பாளையக்காரர் கோட்டைகள் தாமாக அழியவில்லை. அழிக்க ஆணை இருந்தது! மருதிருவரும் ஊமைத்துரையும் மூட்டிய போரை அடக்கியபின், 1801 டிசம்பர் முதல் நாள், அன்றைய சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு விடுத்தார். இராபர்ட்டு கிளைவின் மகன் இவர். பாளையங்களின் கோட்டைகள் இடிபட வேண்டும், குடிகள் படைக்கலம் வைத்திருக்கக் கூடாது, மீறினால் சாவு என்பது அதன் சாரம். அந்த ஆணையில் கையெழுத்து விழுந்தது புனித ஜார்ஜ் கோட்டையிலே. ஒரு கோட்டை இருக்கிறது. மற்றக் கோட்டைகள் இல்லை. இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கம். ஆணையிட்ட கோட்டை காட்சிச் சாலையாயிற்று. ஆணைக்கு ஆளான கோட்டை கொல்லைக்காடாயிற்று. 1802இல் எழுபத்துமூன்று போராளிகள் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

அந்த மண்சுவரை ஏளனம் செய்யாதீர்கள். 1755இல் கர்னல் ஹெரான் நவாபுக்காக வரி பிரிக்கப் படையோடு வந்தார். நெற்கட்டும்செவல் வாயிலில் நின்று இருபதாயிரம் உருபாய் கேட்டார். பூலித்தேவன் கொடுக்கவில்லை. சுவரைத் தகர்க்கத் தக்க பீரங்கியும் இல்லை, படைக்குச் சோறும் இல்லை; ஹெரான் திரும்பிப் போனார். வீரத்தை எங்கேயாவது காட்ட வேண்டுமே! நெல்லிக்கோட்டை என்ற இடத்தில் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் வெட்டித் தீர்த்தது அவர் படை. இதைச் சொன்னவர் பூலித்தேவனின் புலவர் அல்லர். கும்பினியின் வரலாற்றாசிரியர் இராபர்ட்டு ஓர்மே!

பின்னர் வந்தவர் யூசுபுகான். மருதநாயகம் என்று நாட்டார் சொல்லும் அந்தத் தமிழ்ப் படைத்தலைவர் 1759இல் வாசுதேவநல்லூரைத் தாக்கித் தோற்றார். 1761இல் பெரிய பீரங்கிகளோடு வந்து நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளையும் பிடித்தார். பூலித்தேவனை வீழ்த்திக் கொடுத்த அவருக்குக் கும்பினியும் நவாபும் தந்த பரிசு, 1764இல் மதுரையில் தூக்குக் கயிறு. அதன் பிறகும் மேற்குப் பாளையங்கள் அடங்கவில்லை. 1767இல் டொனால்டு காம்ப்பெல் வாசுதேவநல்லூரை மறுபடி முற்றுகையிட்டார். பீரங்கி சுவரைக் கிழிக்கும். உள்ளிருப்போர் குண்டுமழைக்கு நடுவிலேயே வைக்கோலும் மண்ணும் கொண்டு ஓட்டையை அடைப்பார்கள். கிழித்தல், அடைத்தல், கிழித்தல், அடைத்தல். கடைசியில் ஒரு மழையிரவில் காவலைப் பிளந்துகொண்டு வெளியேறி மலையடிக் காட்டுக்குள் மறைந்துவிட்டார்கள். அங்கே மழை நம்மவரைக் காப்பாற்றியது. எழுபத்துநான்கு ஆண்டு கழித்துச் சான்யுவான்லியில் மழை நம்மவரைக் காட்டிக்கொடுத்தது. இயற்கைக்குக் கட்சி கிடையாது, தோழர்களே!

ஓட்டையை வைக்கோலால் அடைத்த அந்தக் கைகள் யாருடையவை? எந்தச் சாதியுடையவை? குண்டு பாயும்போது பக்கத்தில் நிற்பவன் சாதியைக் கேட்டுவிட்டா வைக்கோல் கட்டை வாங்கினான்?

இங்கேதான் நம் வீட்டுக் குப்பையைக் கிளற வேண்டியிருக்கிறது. வெள்ளையன் வைத்த காட்சியைக் குறை சொல்லி முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அவன் காட்டாமல் விட்டதை நாம் எப்படிக் காட்டுகிறோம்?

முதலில் கதையைப் பாருங்கள். பூலித்தேவன் எப்படி மறைந்தான் என்பதற்குச் சான்று இல்லை. சான்று இல்லாத இடத்தில் சோதி வந்துவிடுகிறது! சங்கரன்கோவிலுக்குள் சென்றான், பாடினான், இறைவனோடு ஒளியாய்க் கலந்தான் என்று சொல்கிறார்கள். நந்தனைத் தீயில் கலக்கவைத்த அதே மந்திரக்கோல்! மனிதனாக வாழ்ந்து, வரி மறுத்து, பாளையங்களைக் கூட்டணி சேர்த்து, தோற்று, மீண்டும் எழுந்து, காட்டில் அலைந்தவன் அவன். அவனைக் கர்ப்பகிருகத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டால், "யார் பிடித்தார்? எங்கே கொன்றார்? எந்த அலுவலகத்தில் அதற்கு ஏடு இருக்கிறது?" என்ற கேள்விகளும் உள்ளேயே அடங்கிவிடுகின்றன. இந்தச் சோதிக் கதை பக்தி போலத் தோன்றுகிறது; பயனோ கொன்றவனுக்கு!

இதற்கு மாறாக இன்னொரு கதையைக் கேளுங்கள். இது பகைவன் எழுதியது. பாஞ்சாலங்குறிச்சிப் போரில் நேரில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினிப் படைவீரர் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் ஊமைத்துரையைப் பற்றி எழுதுகிறார். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டபின், பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பி, தரைமட்டமாக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களிலேயே மறுபடி எழுப்பிய அந்த வாய்பேசாத இளைஞர், உள்ளங்கையில் சிறு துரும்புகளை அடுக்கி, "இதோ வெள்ளைப்படை" என்று சைகை காட்டி, மறுகையால் துடைத்து வாயால் ஓசை எழுப்புவாராம். அதுவே தாக்குதலுக்கு அறிகுறி! மே 24இல் கோட்டை வீழ்ந்தது. படுகாயமுற்று வீழ்ந்த ஊமைத்துரையை, மகனைத் தேடி வந்த ஒரு கிராமத்துத் தாய் கண்டாள். சாகக் கிடந்த அவள் மகன், "என்னை விடு, சாமியைக் காப்பாற்று" என்ற பொருள்படச் சொன்னான். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, அந்தப் பெண்கள் அவரைத் துணியால் மூடி, "அம்மை கண்டு செத்த பிள்ளை" என்று அழுதார்கள். தேடி வந்தவர்கள் அஞ்சி ஓடினார்கள்!

அம்மை ஆத்தாளின் சீற்றம் என்று நாடே நடுங்கிய காலம் அது. அந்த நடுக்கத்தையே கேடயமாக்கிய பெண்ணின் அறிவை என்னென்பது! சோதியில் கலந்த கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். அங்கே மூடநம்பிக்கை வீரனை விழுங்குகிறது. இங்கே ஒரு பெண் மூடநம்பிக்கையைக்கொண்டே வீரனை மீட்கிறாள். அவள் பெயரை வெல்ஷ் எழுதவில்லை. நாமும் தேடவில்லை. அவளுக்கு எந்த ஊரிலும் சிலையில்லை. ஏனென்றால் அவள் எந்தச் சாதிச் சங்கத்தின் பாட்டி என்று தெரியவில்லை!

கசப்பான பேச்சுத்தான். ஆனால் ஆகஸ்டு மாதத்தில் நெற்கட்டும்செவல் பக்கம் போய்ப் பாருங்கள். பூலித்தேவனின் படைத்தலைவர்களுள் ஒருவராக நாட்டார் வழக்குப் போற்றுபவர் ஒண்டிவீரன். அருந்ததியர் குலத்தில் பிறந்தவர். பகைவர் பாசறைக்குள் தனியே நுழைந்து, புல்லுக்குள் மறைந்து கிடந்தபோது குதிரைக்கு முளை அடித்தவன் அறியாமல் கையின்மீதே அடித்துவிட, ஓசை எழுப்பாமல் அந்தக் கையையே வெட்டிக்கொண்டு காரியத்தை முடித்தார் என்பது வாய்மொழிக் கதை. இன்னொரு படைத்தலைவர் வெண்ணிக்காலாடி, தேவேந்திர குலத்தவர். தலைவனோ மறவர். மூன்று குலமும் ஒரு சுவருக்குப் பின்னே நின்றன. இன்று? ஆகஸ்டு 20 ஒண்டிவீரனின் நினைவு நாள்; அவர் நினைவிடம் அருகே பச்சேரியில். செப்டம்பர் முதல் நாள் பூலித்தேவனின் பிறந்தநாள். அந்த நாட்கள் நெருங்கினால் மாவட்ட ஆட்சியர் தடையுத்தரவு பிறப்பிக்கிறார், காவல்துறை குவிகிறது, ஊர்வலத்துக்கு நேரம் குறிக்கிறார்கள், வழி குறிக்கிறார்கள். பீரங்கி கிழித்த ஓட்டையைச் சேர்ந்து அடைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் மாலை போட வேண்டுமானால் நடுவே காவல்துறை நிற்க வேண்டும்! காம்ப்பெலால் முடியாத பிளவு!

இந்தப் பிளவுக்கு ஒரு பெருமைப் பேச்சும் துணை: "நாங்கள் வீரக்குலம்!" இந்தச் சொல்லின் பிறப்பிடம் தெரியுமா? 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியப் படை முழுமைக்கும் தலைவரானார். வடமேற்கில் உள்ள சில இனத்தாரே போர்க்குணம் உடையவர், தெற்கத்தியான் படைக்குத் தகுதியற்றவன் என்பது அவர் கொள்கை. பிறப்பினால் வீரம் உண்டு, பிறப்பினால் கோழைத்தனம் உண்டு என்ற அந்தப் பேச்சினால் சென்னைப் படைப்பிரிவுகள் சுருங்கின. ஒடுக்கப்பட்டோர்க்குக் கிடைத்த ஒரே வேலையும் கதவடைத்தது. அதே அரசுதான் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றியது. அது 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீண்டபோது மறவர் குலத்திலும் பலரைக் கைரேகை வைக்கச் செய்தது. பூலித்தேவனின் குலத்துக்குப் பிறப்பினால் குற்றவாளி என்று முத்திரை! பிறப்பு ஒருவனை வீரனாக்கும் என்று நம்புகிறவன், பிறப்பு ஒருவனைத் திருடனாக்கும் என்பதை எந்த வாயால் மறுப்பான்? வருணாசிரமம், ராபர்ட்ஸ், கைரேகைச் சட்டம், இன்றைய சாதிச் சுவரொட்டி: நான்கும் ஒரே ஏட்டின் நான்கு பதிப்பு.

வீரர்களையும் அளவோடு பார்க்க வேண்டும். பாளையக்காரர் ஆட்சி பொற்காலம் அன்று. தேசக்காவல், தலக்காவல் என்று உழவனிடம் அவர்களும் பிடுங்கினர்; ஒருவர் எல்லையில் ஒருவர் புகுந்து கொள்ளையடித்தனர். "முதல் விடுதலை வீரர்" என்ற பட்டத்துக்கு ஊர் ஊராகப் போட்டி நடக்கிறது. 1755இல் பூலித்தேவன் மறுத்தது நவாபின் கப்பத்தை. தன் பாளையத்தின் உரிமைக்காகப் போரிட்டான். அதற்காகப் பிற பாளையங்களையும் திருவிதாங்கூரையும் துணை சேர்க்க முயன்றான். அது போதாதா? இல்லாத தேசியக்கொடியை அவன் கையில் திணித்தால்தான் அவன் பெரியவனா? செங்கோட்டை வாஞ்சிநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். 1911இல் மணியாச்சியில் ஆஷைச் சுட்ட அவரது சட்டைப்பையில் கிடந்த கடிதம் விடுதலையோடு சேர்த்துச் சனாதன தர்மத்தையும் பேசிற்று. மண்டபத்தில் துணிவைச் சொல்கிறோம். கடிதத்தையும் முழுமையாக வைக்கத் துணிவு வேண்டாவா? காரன்வாலிஸ் பீடத்தில் யார்க்டவுன் இல்லை என்று குறை சொன்னவன் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974ஆம் ஆண்டு கலைஞர் ஆட்சியில் எழுப்பப்பட்ட நினைவுக்கோட்டையைப் பற்றி ஒரு சொல். கோட்டைக் கொடிமரத்தில் உரிமை பெற்ற அதே ஆண்டு! வெள்ளையன் பெயர்த்தெறிந்த இடத்தில் தமிழன் ஆட்சி ஒரு கோட்டையை வைத்தது. அதன் பெருமையை எவரும் குறைக்க இயலாது. சுவரோவியங்களில் சிறுவர்கள் போரைக் காண்கிறார்கள். 1959இல் வந்த திரைப்படத்தின் முழக்கம் அவர்கள் காதில் ஏற்கெனவே இருக்கிறது. ஓவியத்தையும் அந்த முழக்கத்தோடுதான் பார்க்கிறார்கள். என் குறை இதுதான்: அருகே வெட்டிக் கண்ட பழைய கோட்டையின் அடித்தளம் வெயிலில் கிடக்கிறது, இன்னும் தள்ளி, அந்தப் போரில் மாண்ட வெள்ளையரின் கல்லறைகள் கிடக்கின்றன. வந்தவர் பத்தில் ஒன்பது பேர் புதுச்சுவரோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். பகட்டான சுவரைவிட அந்த அடித்தளத்தின் தடிமன் அதிகம் சொல்லும். கல்லறையும் சொல்லும்: வைக்கோலும் களிமண்ணுமான சுவர் எத்தனை பேரை நிறுத்தி வைத்தது என்று.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. குற்றாலத்தில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. சாரல் காலத்தில் அந்த ஊருக்கு வரும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளே நுழைந்தாலும் போதும். கோடிக்கணக்கில் செலவிட்டுப் புதுக்கோட்டை கட்டச் சொல்லவில்லை. ஓர் அறை போதும். அதில் வாசுதேவநல்லூர்ச் சுவரின் ஒரு துண்டை அதே மண்ணால், அதே வைக்கோலால் கட்டி நிறுத்தலாம். அருகே 1801ஆம் ஆண்டின் இடிப்பு ஆணை; தமிழில், பெரிய எழுத்தில். வெல்ஷ் எழுதிய அந்தத் தாயின் கதை. பூலித்தேவன், ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி மூவரும் ஒரே சுவரில், ஒரே உயரத்தில்; வாய்மொழிக் கதை எது, ஏட்டுச் சான்று எது என்று பிரித்து எழுதி. சோதிக் கதையையும் வைக்கலாம், கதை என்று பெயரிட்டு. 37ஆம் பிரிவின் சீருடைப் படம் ஒன்று. பக்கத்தில் ஓர் அபின் உருண்டையின் மாதிரி.

கோட்டையிலிருந்து வெளியே வரும்போது மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே நடந்தார். ஒரு பக்கத்தில் ஆன்ஸ்ட்ருதர் என்று எழுதி, எதிரே, "37ஆம் பிரிவு: பெயர்" என்று எழுதி, கோடிட்டு வெற்றிடம் விட்டிருந்தார். "ஆவணக் காப்பகம் எழும்பூரில்தானே அண்ணாச்சி? நாளைக்குத் திறந்திருக்குமா?" என்று கேட்டார். இரவு வண்டிக்கு எடுத்திருந்த பயணச்சீட்டை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.